கறித்தூள் கடைக்கு டொமைன் பெயர்: ஊர்ப் பெயரை வைப்பதா, விடுவதா?

செம்மண் எழுதியது:

வணக்கம். இவ்வளவு காலமும் இங்கே வாசிப்பதோடு சரி, இப்போதுதான் ஒரு கேள்வியோடு வருகிறேன்.

சுன்னாகத்தில் அம்மாவும் சித்தியும் சேர்ந்து வறுத்த கறித்தூள், ஒடியல் மா, புழுக்கொடியல், மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம் எல்லாம் செய்கிறார்கள். விற்பது என் வேலை. இதுவரை பேஸ்புக் பக்கமும் வட்ஸ்அப்பும்தான் கடை. உள்ளூர் ஓடர்களைவிட கனடா, லண்டன், சுவிஸ், பிரான்ஸ் ஓடர்கள்தான் கூட. விலை கேட்பவர்களுக்கு ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பதில் எழுதிக் களைத்துவிட்டேன். அதனால் சொந்தமாக ஓர் இணையக் கடை போடுகிறோம். மற்ற வேலையெல்லாம் நடக்கிறது, கடையின் இணைய முகவரியாக வரப்போகிற டொமைன் பெயரில்தான் வந்து நிற்கிறது.

கையில் இருப்பவை இவை. ஜஃப்னா, ஸ்பைசஸ், ஒன்லைன் மூன்றையும் நடுவில் கோடு போட்டுச் சேர்த்து ஒன்று. இது வெப்சைட் செய்பவர் சொன்னது, டொமைனையும் தானே எடுத்துத் தருகிறேன் என்கிறார். கோடு இல்லாமல் ஒன்றும் மிச்சமில்லையாம். யாழ் என்று தொடங்கி ஏதாவது வைக்கச் சொல்கிறார் அப்பா. நறுஞ்சுவை என்பது தமிழ் படிப்பிக்கிற பெரியப்பாவின் யோசனை. எனக்குப் பிடித்தது அம்மி. கொழும்பில் இருக்கிற மச்சான், இதொன்றும் சரிவராது, ஆங்கிலம் மாதிரி ஒலிக்கிற புதுச்சொல் ஒன்றை உருவாக்கு என்கிறான்.

எதை எடுப்பது? முடிவு டொட் கொம்மா, இலங்கைக்குரிய டொட் எல்கேயா?

வடமராட்சியான் எழுதியது:

தங்கச்சி, ஊர்ப் பெயரை விடவேண்டாம். பருத்தித்துறை வடை எதற்காக விலைப்படுகிறது? வடைக்காகவா, பருத்தித்துறைக்காகவா? ரொறன்ரோவில் ஒருவன் கூகுளில் தேடினால் ஜஃப்னா கறி பவுடர் என்றுதான் அடிப்பான், அம்மி ஆட்டுக்கல் என்று அடிக்கமாட்டான். பெயரைக் கண்டதும் என்ன கடை, எந்த ஊர் என்று விளங்க வேண்டும். கனகாலம் கடை வைத்திருந்தவன் சொல்கிறேன்.

நல்லூர்_வடக்கு எழுதியது:

நானும் ஊர்ப் பெயர் பக்கம்தான். கோடு போட்டால் என்ன? வாசிக்கச் சுகமாகத்தானே இருக்கும்.

சேவர்காரன் எழுதியது:

கோட்டுக்கு முதலில் வருகிறேன். வாசிக்கச் சுகம், உண்மை. ஆனால் உங்கள் வாடிக்கையாளர்கள் பெயரை வாசித்தா அறியப் போகிறார்கள்? கலியாணவீட்டுப் பந்தியில் ஒருவர் மற்றவருக்குச் சொல்வார். இல்லாவிட்டால் வைபர் கோலில் அக்கா தங்கச்சிக்குச் சொல்வா. "ஜஃப்னா, பிறகு ஒரு கோடு, கீழ்க்கோடு இல்லை நடுக்கோடு, பிறகு ஸ்பைசஸ், திரும்பவும் ஒரு கோடு..." இதை யார் முழுக்கச் சொல்லி முடிப்பார்கள்? கேட்டவர் கோட்டை விட்டுவிட்டு அடித்தால், கோடு இல்லாத பெயரை வைத்திருக்கிறவன் கடைக்குப் போய் நிற்பார். நீங்கள் விளம்பரத்துக்குச் செலவழிக்க அவனுக்கு வியாபாரம். ஒரு பெயரில் 63 எழுத்து வரை தொழில்நுட்பம் விடும். அதற்காக அத்தனையையும் நிரப்பத் தேவையில்லை.

வடமராட்சியான் அண்ணா, தேடுகிற சொல் டொமைனிலேயே இருந்தால் கூகுள் மேலே தூக்கும் என்பது பழைய கதை. ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. சரக்கில்லாத தளங்கள் எல்லாம் தேடற்சொல்லையே பெயராக வைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தன. 2012 செப்டெம்பரில் கூகுள் அதற்கென்றே ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்து அந்தத் தளங்களைக் கீழே இறக்கியது. இன்றைக்கு "யாழ்ப்பாணக் கறித்தூள்" என்பதைப் பக்கத் தலைப்பில் போடுங்கள், பொருள் விவரத்தில் போடுங்கள், படத்தின் விளக்கத்தில் போடுங்கள். தேடுகிறவன் வந்து சேருவான். டொமைன் வேறு வேலைக்கு: ஒருமுறை வாங்கியவர் மறுமுறை கூகுளுக்குப் போகாமல் நேரே உங்களிடம் வருவதற்கு.

அமேசன் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1994இல் ஜெஃப் பெசோஸ் முதலில் வைத்த பெயர் கடாப்ரா. மந்திரவாதி சொல்கிற அப்ராகடாப்ராவின் பின்பாதி. தொலைபேசியில் அதைக் கேட்ட சட்டத்தரணிக்கு அது "கடாவர்" என்று விழுந்தது. அறுத்துப் பார்க்க வைத்திருக்கிற பிணத்துக்கு ஆங்கிலத்தில் அதுதான் சொல். பெயர் மாறியது. எழுத்தில் ஒரு குறையும் இல்லாத பெயர், வாயில் போய் விழுந்தது.

வடமராட்சியான் எழுதியது:

பக்கத் தலைப்பில் போடலாம் என்பது சரி. ஆனாலும் பார்சலில் ஒட்டுகிற லேபலில் ஊர்ப் பெயர் இல்லாவிட்டால் எனக்கு மனம் ஒப்பாது.

சேவர்காரன் எழுதியது:

லேபலில் கட்டாயம் போடுங்கள் அண்ணா. பெயருக்குக் கீழே "யாழ்ப்பாணத்துக் கறித்தூள்" என்று ஒரு வரி. அது வேறு, டொமைன் வேறு.

கச்சேரியடி எழுதியது:

ஊர்ப் பெயரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதைச் சொல்லவே வந்தேன். ஜஃப்னாவையும் ஸ்பைசஸையும் சேர்த்தால் அது ஊரும் பொருளும் மட்டும்தான், பெயர் அல்ல. நாளைக்கு அதை வியாபாரக் குறியாக (ட்ரேட் மார்க்) பதிய வேண்டுமென்றால் கொழும்பில் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்குப் போகவேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், பொருளின் வகையையும் அது வருகிற இடத்தையும் மட்டும் குறிக்கிற சொல்லை ஒருவருக்கே உரிமையாக எழுதிக் கொடுக்காது. கொடுத்தால் யாழ்ப்பாணத்தில் மற்றவர்கள் எப்படித் தங்கள் தூளை யாழ்ப்பாணத்துத் தூள் என்று விற்பது? உங்களுக்கு நன்றாக ஓடத் தொடங்கியதும் அடுத்த ஒழுங்கையில் ஒருவர் அதே பெயருக்கு "நியூ" சேர்த்துக்கொண்டு வருவார். நீங்கள் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அம்மி போன்ற பெயருக்கு அந்த வில்லங்கம் குறைவு, ஏனென்றால் நீங்கள் அம்மி விற்கவில்லை. ஒடியல் மா விற்கிறவர் ஒடியல் என்று பெயர் வைத்தால் திரும்பவும் அதே பிரச்சினை.

பதிந்தால் 10 வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். ஆனால் அது இலங்கைக்குள் மட்டும். கனடாவில் பாதுகாப்பு வேண்டுமென்றால் அங்கே தனியாகப் பதிய வேண்டும்.

சனம் மூன்று விஷயத்தைப் போட்டுக் குழப்புகிறது. பிரதேச செயலகத்தில் பதிகிற வியாபாரப் பெயர் ஒன்று. வியாபாரக் குறி இன்னொன்று. டொமைன் மூன்றாவது. ஒன்று கையில் இருப்பதால் மற்றது கிடைத்துவிடாது. டொமைனை யார் முதலில் காசு கட்டி எடுக்கிறாரோ அவருக்குத்தான். ஆனால் அது வேறொருவரின் வியாபாரக் குறியோடு ஒத்துப்போய், நீங்கள் கெட்ட எண்ணத்தோடு எடுத்தீர்கள் என்றும் காட்டிவிட்டால், டொட் கொம் பெயர்களைப் பறித்துக் கொடுக்க 1999 முதல் யூடிஆர்பி என்ற நடைமுறை இருக்கிறது. பெரிய கம்பனிப் பெயரில் ஓரெழுத்தை மாற்றி எடுக்கிற யோசனை யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள்.

தமிழ்த்தறி எழுதியது:

நறுஞ்சுவை எவ்வளவு அழகான பெயர்! அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. பெரியப்பாவுக்கு என் வணக்கம்.

சேவர்காரன் எழுதியது:

அழகுதான், மறுக்கவில்லை. அதை ஆங்கில எழுத்தில் எழுதிக் காட்டுங்கள் பார்ப்போம். ஞ்சு வருகிற இடத்தில் என்-சி-எச் என்பீர்கள் நீங்கள். என்-ஜே என்பார் இன்னொருவர். வெறும் என்-எஸ் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பிறகு வை-க்கு வி-யா டபிள்யு-வா? ஒரு பெயரில் இரண்டு முடிச்சு, ஆறு விதமாக அவிழ்க்கலாம். ஆறையும் வாங்கி வைப்பதா?

யாழ் இன்னும் மோசம். நாங்கள் வை-ஏ-ஆர்-எல் என்று எழுதிப் பழகியிருக்கிறோம். தமிழ்நாட்டில் இருந்து வருகிறவர் இசட்-எச் போடுவார். வெளிநாட்டில் பிறந்த பிள்ளை காதில் விழுந்தபடி ஆர் இல்லாமல் எல் மட்டும் போடும். ஏ ஒன்றா இரண்டா என்ற கேள்வி அதற்கு மேல்.

செம்மண், ஒரு சோதனை சொல்கிறேன், காசு செலவில்லை. ஒவ்வொரு பெயரையும் வட்ஸ்அப்பில் குரலாகப் பதிந்து வெளிநாட்டுச் சொந்தக்காரருக்கு அனுப்புங்கள். எழுதிக் காட்டவேண்டாம். "இதை ஆங்கிலத்தில் அடித்துத் திருப்பி அனுப்புங்கோ" என்று மட்டும் கேளுங்கள். எல்லோரும் ஒரே மாதிரி அடிக்கிற பெயர்தான் உங்களுக்குரிய பெயர்.

ஸ்காபரோ_மாமி எழுதியது:

நான் அந்த வெளிநாட்டுச் சொந்தக்காரர் பக்கத்தில் இருந்து சொல்கிறேன் பிள்ளை. எங்கள் வீட்டில் சாமான் ஓடர் பண்ணுகிறது நான் இல்லை, மகள். நான் அடுப்படியில் நின்று பெயரைச் சொல்லுவேன், அவள் போனில் அடிப்பாள். அவளுக்குத் தமிழ் விளங்கும், வாசிக்க வராது. ட-வும் த-வும் அவளுக்கு ஒன்றுதான், இரண்டுக்கும் டி போடுவாள். ள, ல, ழ மூன்றுக்கும் ஒரே எல். நீட்டுவது குறுக்குவதெல்லாம் அவளுக்குக் கணக்கில்லை. என்ன பெயர் வைத்தாலும் என் மகள் அடிக்கக்கூடியதாக வையுங்கோ.

பிறகு, வேப்பம்பூ வடகம் இருக்கிறதென்றால் எனக்கு ஒரு தனி மெசேஜ் போடுங்கோ.

லாச்சப்பல் எழுதியது:

பாரிஸில் இருந்து. மாமி சொன்னதோடு இதையும் சேர்த்துப் பாருங்கள். இங்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் சி-எச் கண்டால் "ஷ" என்றுதான் வாசிப்பார்கள், பிரெஞ்சு அப்படி. சூரிச்சில் இருக்கிற என் அண்ணாவின் பிள்ளைகள் ஜேர்மன் படித்தவர்கள். அவர்களுக்கு ஜே என்றால் "ய", இசட் என்றால் "ற்ஸ". வி-யைப் பல சொற்களில் "ஃப" என்று வாசிப்பார்கள். வடகம் என்று பெயர் வைத்தால் சுவிஸில் அது ஃபடகம் ஆகிவிடும். எந்த நாட்டிலும் பெரிதாக மாறாத எழுத்துகள் எம், என், எல், பி, கே, ஏ. இவற்றுக்குள் ஒரு பெயரைப் பிடித்தால் பாதி வில்லங்கம் தீரும்.

வடமராட்சியான் எழுதியது:

ஒரு கறித்தூள் விற்பதற்கு இவ்வளவு படிப்பா! எங்கள் காலத்தில் பலகையில் பிள்ளையார் சுழி போட்டு, குலதெய்வத்தின் பெயரை எழுதி, அதற்குக் கீழே ஸ்ரோர்ஸ் என்று போட்டால் முடிந்தது.

நல்லூர்_வடக்கு எழுதியது:

அதுதான் ஒரே வீதியில் ஒரே பெயரில் கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன அண்ணை :)

செம்மண் எழுதியது:

மாமி, மெசேஜ் போட்டிருக்கிறேன்.

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு குரல் பதிவு அனுப்பத் தொடங்கினேன். நறுஞ்சுவைக்கு வந்த பதில்களைப் பெரியப்பாவிடம் காட்டவில்லை, தாங்கமாட்டார். யாழ் என்று தொடங்குகிற பெயருக்கு, சேவர்காரன் அண்ணா சொன்ன எல்லா விதமும் வந்தது. இடையில் எனக்கு முற்றம் என்று வைத்தால் என்ன என்று தோன்றியது, வடிவான சொல், முற்றத்தில்தானே எல்லாம் காய்கிறது. அதையும் அனுப்பிப் பார்த்தேன். ற்ற-வுக்கு இரண்டு டி போட்டு அனுப்பியவர்களும், நடுவில் டி-எச் போட்டவர்களும்... வேண்டாம், அம்மாவுடைய கடைக்கு முத்தம் என்று பெயர் வைக்க முடியாது.

அம்மிக்கு மட்டும் அநேகமாக ஒரே எழுத்து வந்தது. ஆனால் டொட் கொம் எடுபட்டுவிட்டது. திறந்தால் ஒன்றும் இல்லை, விற்பனைக்கு என்று மட்டும் போட்டிருக்கிறது.

சேவர்காரன் எழுதியது:

ஐந்து எழுத்துக்குள் சொல்லாக ஒலிக்கிற டொட் கொம் சும்மா கிடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் டொட் கொம் பதிவானது 1985 மார்ச் 15. அன்றையில் இருந்து சேர்த்துவைக்கிறார்கள். அம்மி உருதுவிலும் அம்மாதான், சிங்களத்திலும் அப்படிக் கூப்பிடுவார்கள். அத்தனை பேர் விரும்புகிற சொல் மலிவாக வராது. அதோடு, கூகுளில் அம்மி என்று அடித்தால் உங்கள் கடை முன்னுக்கு வரக் கனகாலம் எடுக்கும். உரல் என்று வைத்தவருக்கு ரஷ்யாவின் உரால் மலையோடு மல்லுக்கட்ட வேண்டி வருகிற மாதிரி.

வழிகள் இருக்கின்றன. ஒன்று, இன்னொரு சிறிய சொல்லைக் கூடச் சேர்ப்பது. கோப்புகளைச் சேமிக்கிற ட்ரொப்பொக்ஸ் தொடக்கத்தில் முன்னால் "கெட்" என்று சேர்த்த டொமைனில்தான் இருந்தது, 2009இல்தான் சொந்தப் பெயர் கைக்கு வந்தது. டெஸ்லாவும் 2016 வரை பின்னால் "மோட்டர்ஸ்" என்று வைத்துத்தான் ஓட்டியது. நீங்கள் "கடை", "வீடு", "அடி" என்று எதையாவது சேர்க்கலாம், ஆனால் ட வந்துவிட்டது, கவனம். இரண்டு, இரண்டு தமிழ்ச் சொற்களை ஒட்டி யாரும் கேள்விப்படாத ஒன்றை உருவாக்குவது. மச்சான் சொன்னதில் அந்தப் பாதி சரி. ஆங்கிலம் மாதிரி ஒலிக்க வேண்டும் என்ற பாதி தேவையில்லை. கூகுள் என்ற பெயரே ஒன்றுக்குப் பின்னால் நூறு பூச்சியம் போட்ட எண்ணின் பெயரைத் திரித்து வந்ததுதான்.

உயிரெழுத்தை வெட்டி, படம் பகிர்கிற ஃப்ளிக்கர் தளம் மாதிரிச் செய்கிற வேலை மட்டும் வேண்டாம். அவர்கள் ஆர்-க்கு முன்னால் வருகிற ஈ-யை விட்டுவிட்டு எழுதினார்கள், உலகம் பழகிக்கொண்டது. உங்களுக்கு உலகத்தைப் பழக்க நேரம் இல்லை, மாமியின் மகளுக்கும் பொறுமை இல்லை.

நல்லூர்_வடக்கு எழுதியது:

டொட் கொம் இல்லாவிட்டால் டொட் கோ எடுக்கலாமே? ஓரெழுத்துத்தானே குறைவு. டொட் ஐஓவும் இப்போது பெடியள் எல்லாம் எடுக்கிறார்கள்.

சேவர்காரன் எழுதியது:

அந்த ஓரெழுத்தில்தான் ஆபத்து. அமெரிக்காவில் ஓவர்ஸ்டொக் என்ற பெரிய நிறுவனம் 2011இல் ஓ டொட் கோ என்று பெயரை மாற்றிப் பார்த்தது. விளம்பரத்துக்குக் கொட்டிய காசு கொஞ்சமல்ல. சனம் போய் ஓ டொட் கொம் என்று அடித்தது. அவர்கள் பழைய பெயருக்கே திரும்பினார்கள். டொட் கோ கொலம்பியாவுடைய நாட்டுக் குறி, டொட் ஐஓ பிரித்தானிய இந்து சமுத்திரப் பிரதேசத்துடையது. அந்தத் தீவுகளை மொரிசியசுக்குக் கையளிப்பதாக 2024 ஒக்டோபரில் பிரித்தானியா அறிவித்ததில் இருந்து அந்தக் குறியின் எதிர்காலம் பற்றி ஒரே கதையாக இருக்கிறது. மென்பொருள் செய்கிறவர்கள் அந்தப் பதற்றத்தைத் தாங்கட்டும், கறித்தூளுக்கு என்னத்துக்கு?

தமிழ்த்தறி எழுதியது:

நீங்கள் எல்லோரும் ஆங்கில எழுத்துக்குள் நின்றுகொண்டு ழகரத்தைக் குறை சொல்கிறீர்கள். தமிழிலேயே டொமைன் எடுக்கலாம் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. புள்ளி இலங்கை என்ற முடிவு 2010 முதல் இருக்கிறது. இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும்கூடத் தமிழில் இருக்கிறது. நறுஞ்சுவை புள்ளி இலங்கை என்று தமிழில் அடித்தால் ஞ்சு-வும் குழம்பாது, வை-யும் குழம்பாது. உங்கள் இரண்டு முடிச்சும் ஒரே நேரத்தில் அவிழ்கிறது.

சேவர்காரன் எழுதியது:

இது நியாயமான வாதம். எழுத்துக் குழப்பத்துக்கு இதைவிடச் சுத்தமான மருந்து இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஊருக்குள் விற்கிற கடை என்றால் நானே அதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

ஆனால் இந்தக் கடையின் காசு வருகிற இடம் ஸ்காபரோ. அங்கே அடிக்கிற பிள்ளைக்குத் தமிழ் விசைப்பலகை இல்லை, இருந்தாலும் வாசிக்க வராது. அடுத்தது, உள்ளே ஓடுகிற முறைமைக்கு ஆங்கில எழுத்து, எண், கோடு மட்டும்தான் தெரியும். தமிழ்ப் பெயரை அது எக்ஸ்-என் என்று தொடங்கி இரண்டு கோடு போட்ட ஒரு நீண்ட வாலாக மாற்றித்தான் வைத்திருக்கும். பிரவுசரில் தமிழாகத் தெரியும், ஆனால் அதைக் கொப்பி பண்ணி ஒரு மெசேஜில் ஒட்டினால் பல நேரம் அந்த வால்தான் வந்து விழும். பார்க்கிறவருக்கு வைரஸ் லிங்க் மாதிரி இருக்கும். அந்த டொமைனில் மின்னஞ்சல் முகவரி வைத்தால், அதை ஏற்காத படிவங்கள் இன்னும் நிறைய உண்டு. காசு கட்டுகிற பக்கத்தில் போய் அது மாட்டிக்கொண்டால் வியாபாரம் போச்சு.

அதனால் இரண்டையும் எடுத்து, தமிழ் முகவரியை ஆங்கில எழுத்து முகவரிக்குத் திருப்பிவிடுவது நல்லது. லேபலில் தமிழ் முகவரியையும் அடிக்கலாம், பார்க்க வடிவாக இருக்கும்.

தமிழ்த்தறி எழுதியது:

திருப்பிவிடுவதற்குத்தான் தமிழா. சரி, இல்லாததற்கு அதாவது இருக்கட்டும்.

கச்சேரியடி எழுதியது:

எல்கேயைப் பற்றியும் சொல்லுங்கள் சேவர்காரன். என் மருமகன் எல்கேதான் வேண்டும் என்று நிற்கிறான், ரூபாயில் கட்டலாம் என்பதற்காக.

சேவர்காரன் எழுதியது:

மருமகன் கெட்டிக்காரன். 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரை ஏறியபோது, டொலரில் புதுப்பிக்க வேண்டியவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். காசு இருந்தாலும் கார்டு வெளிநாட்டுக்கு வேலை செய்யவில்லை. எல்கே வைத்திருந்தவர்களுக்கு அந்தத் தலையிடி இல்லை. உள்ளூர்க்காரருக்கும் எல்கே என்றால் ஒரு நம்பிக்கை.

இதில் பார்க்க வேண்டியது, நாட்டுக் குறியைக் கண்டால் கூகுள் அதை அந்த நாட்டு ஆட்களுக்கான தளம் என்று எடுத்துக்கொள்ளும். கனடாவில் ஒருவர் தேடும்போது எல்கேக்கு அது கொஞ்சம் பின்தள்ளல். டொட் கொம்முக்கு அந்தக் கட்டு இல்லை. ஆகவே வெளிநாட்டு ஓடர்தான் கூட என்றால் கொம் முதலில், எல்கே அதே பெயரில் காவலுக்கு. கச்சேரியடி, மருமகன் ஊருக்குள் வியாபாரம் என்றால் அவன் சொல்வதே சரி.

வெளிநாட்டுச் சொந்தக்காரரின் நாட்டுக் குறியை எடுக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் அதையும் யோசியுங்கள். டொட் சிஏ எடுக்கக் கனடாவோடு தொடர்புள்ளவராக இருக்க வேண்டும், பிறகு அது அவர் பெயரில்தான் இருக்கும். டொட் ஈயு வைத்திருந்த லண்டன்காரர்களுக்கு, பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு 2021இல் அந்தத் தகுதியே இல்லாமல் போனது.

திருநெல்வேலிச்_சந்தி எழுதியது:

பெயரைப் பற்றியே கதைக்கிறீர்கள். அது யார் கையில் இருக்கப் போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. வெப்சைட் செய்பவர் "எடுத்துத் தருகிறேன்" என்று சொன்னதாகத் தங்கச்சி எழுதியிருக்கிறா. அதை வாசித்ததும் எனக்கு வயிறு கலங்கியது.

எனக்குத் தெரிந்த ஓர் உடுப்புக்கடைக்காரருக்கு நடந்தது. டொமைனும், தளத்தை வைத்திருக்கிற சேவர் இடமான ஹோஸ்டிங்கும் எல்லாம் வெப்சைட் செய்துகொடுத்தவரின் கணக்கில். அவர் ஒருநாள் வெளிநாடு போய்விட்டார். தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை. புதுப்பிக்கும் அறிவித்தல் எல்லாம் அவருடைய மின்னஞ்சலுக்குத்தான் போனது. கடைக்காரர் ஒருநாள் தன் தளத்தைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம். பைகளில் எல்லாம் அந்த முகவரியை அடித்து வைத்திருந்தார், பாவம்.

உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் எடுங்கள். செய்பவருக்கு வேண்டிய டிஎன்எஸ் மாற்றத்தை, அதாவது பெயரைத் தளத்தோடு இணைக்கிற அமைப்பை, மட்டும் நீங்களே செய்து கொடுங்கள்.

சேவர்காரன் எழுதியது:

இதை நான் முதலே எழுதியிருக்க வேண்டும், சந்தி எழுதியது நல்லது. இரண்டொன்று சேர்க்கிறேன்.

பதிவுக்குக் கொடுக்கிற மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக்கூடாது. டொமைன் காலாவதியானால் மின்னஞ்சலும் படுத்துவிடும், அறிவித்தல் எங்கே வரும்? சாதாரண ஜிமெயில் போதும், கடவுச்சொல்லோடு போனுக்கு வருகிற குறியீடும் கேட்கிற இரட்டைப் பூட்டுப் போட்டு வையுங்கள். தானாகப் புதுப்பிப்பதைப் போட்டுவைத்தாலும் கார்டு காலாவதியாகிற திகதியை நாட்காட்டியில் குறியுங்கள். அநேகமாக அங்கேதான் கோட்டை விடுவார்கள். ஒரே தரத்தில் 10 வருடம் வரை கட்டலாம்.

டொட் கொம் காலாவதியானால் உடனே போய்விடாது. பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை பழைய விலைக்கே புதுப்பிக்க விடுவார்கள். அதற்குப் பிறகு 30 நாள் மீட்புக் காலம், அப்போது தண்டம் மாதிரி ஒரு தொகை கேட்பார்கள். கடைசி 5 நாள் ஒருவரும் ஒன்றும் செய்ய முடியாது. அது முடிகிற நொடியில் பிடிப்பதற்கென்றே தானியங்கிகள் காத்திருக்கின்றன. உடுப்புக்கடைக்காரருக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும்.

எடுத்த பிறகு, "சீனாவில் ஒரு கம்பனி உங்கள் பெயரைப் பதியக் கேட்கிறது, நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்" என்று ஒரு மின்னஞ்சல் வரும். அது எல்லோருக்கும் வருகிற ஏமாற்று. அழித்துவிடுங்கள்.

லாச்சப்பல் எழுதியது:

யாரோ வைத்திருந்து விட்ட பழைய பெயரை எடுக்கிறதென்றால் தளங்களின் பழைய பக்கங்களைச் சேமித்துவைக்கிற வேபக் மெஷினில் போட்டு முந்தி அதில் என்ன இருந்தது என்று பாருங்கள். சூதாட்டமோ வேறு குப்பையோ இருந்த பெயர் என்றால் கூகுளிலும் மின்னஞ்சலிலும் அந்த வாடை கனகாலம் நிற்கும்.

நடத்துநர் எழுதியது:

"யார் மலிவாக டொமைன் தருகிறார்கள்" என்று வந்த விளம்பரப் பதிவுகளை நீக்கியிருக்கிறேன். பெயரைப் பற்றிக் கதையுங்கள், கடையை இங்கே விரிக்க வேண்டாம்.

செம்மண் எழுதியது:

முடிவு சொல்லிவிட்டுப் போகிறேன்.

அம்மிக்கு அவர்கள் கேட்ட விலையை அப்பாவிடம் சொன்னேன். அந்தக் காசுக்கு இன்னொரு அரைக்கிற மெஷின் வாங்கலாம் என்றார். விட்டுவிட்டேன். சேவர்காரன் அண்ணா சொன்ன மாதிரி இரண்டு சின்னச் சொல்லை ஒட்டி, லாச்சப்பல் சொன்ன எழுத்துகளை வைத்துக் கொஞ்சம் உருட்டிப் பார்த்தோம். சித்திதான் கண்டுபிடித்தா. குரல் பதிவுக்கு வந்த பதிலில் மிச்ச எல்லோரும் ஒரே மாதிரி அடித்தார்கள், ஒரு சித்தப்பா மட்டும் கடைசியில் ஒரு எச் சேர்த்தார். அவர் எல்லாவற்றுக்கும் எச் சேர்ப்பவர். சிங்களச் சிநேகிதி ஒருத்தியிடமும் கேட்டேன், கெட்ட அர்த்தம் ஒன்றும் இல்லையாம்.

கொம்மும் எல்கேயும் என் பெயரிலேயே எடுத்தாயிற்று. பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் மூன்றிலும் அதே பெயர் கிடைத்தது. அதையும் அன்றைக்கே பிடித்துவிட்டேன். வெப்சைட் செய்பவருக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது, பரவாயில்லை. வியாபாரக் குறி விண்ணப்பம் போடும் வரைக்கும் பெயரை இங்கே எழுதவேண்டாம் என்று கச்சேரியடி அண்ணா தனி மெசேஜில் சொல்லியிருக்கிறார், அதனால் குறை நினைக்காதீர்கள். தமிழ்த்தறி ஐயா, புள்ளி இலங்கையும் எடுக்கத்தான் போகிறேன்.

வடமராட்சியான் அண்ணா, லேபலில் ஊர்ப் பெயர் இருக்கிறது. பெரிதாகவே இருக்கிறது.

வடமராட்சியான் எழுதியது:

அப்ப சரி. இரண்டு கிலோ தூளுக்கு என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கோ. உறைப்புக் கூட.

பண்ணைப்பாலம் எழுதியது:

இழை பழையது, மன்னிக்கவும். மீன் விற்கிற ஒரு தளத்துக்குப் பெயர் பார்க்கிறேன். புதிய முடிவு ஒன்று, டொட் ஸ்ரோர் என்று, முதல் வருடம் ஒரு டொலரை ஒட்டித்தான் என்று போட்டிருக்கிறார்கள். கொம்மைவிட மலிவு. எடுக்கலாமா?

சேவர்காரன் எழுதியது:

இரண்டாம் வருட விலை எங்கே எழுதியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள், சிறிய எழுத்தில் இருக்கும். டொட் கொம்முக்குப் பதிவு நிறுவனங்கள் கட்டுகிற மொத்த வியாபார விலையே 2024 செப்டெம்பரில் 10.26 டொலர் ஆனது. விற்கிறவர் அதற்கு மேல் கொஞ்சம் வைப்பார், வருடா வருடம் கிட்டத்தட்ட அதுதான். புதிய முடிவுகளில் பல இரண்டாம் வருடம் அதைப்போல் சில மடங்கு கேட்கும். ஐந்து வருடத்துக்குக் கூட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள், பெயரைப் பற்றிப் பிறகு கதைப்போம்.